மார்க்கரைக் கேட்டால் தெரியும்
(வாசகர் கேள்வி – பதில்)

பழைய சினிமா எடுத்த இடங்களைத் தேடிப் போகிறவர்களைப் பற்றிச் சென்ற முறை ஒருவர் கேட்டார். பதிலில் போகிற போக்கில் அமெரிக்கப் பூல் ஹோல் ஒன்றின் பெயரைச் சொல்லிவைத்தேன். அவ்வளவுதான். கந்தப்பளைத் தபாற்கந்தோரில் எனக்கென்று ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. மலையகத்தில் இத்தனை பேருக்குப் பச்சைத் துணி மேசை மீது ஆசை இருப்பது இப்போதுதான் தெரிகிறது. இந்த முறை முழுக்க அதுவே. கொழுந்து விலை, சம்பளப் பேச்சு, ஜாதகம் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்தருள்க.

கே: மகன் நியூயோர்க்கில் இருக்கிறான். அடுத்த வருடம் போகிறேன். 'த ஹஸ்லர்' படத்தில் போல் நியூமன் விடிய விடிய ஆடுவாரே, அந்த ஹோலைப் பார்க்க முடியுமா?
*(ராகலையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்)*

ப: தெருவைப் பார்க்கலாம், சேர். ஹோல் இல்லை. ராபர்ட் ரொசன் இயக்கி 1961இல் வந்த படம் அது. பெரிய ஆட்டங்களை எடுத்தது டைம்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில், 44ஆம் தெருவில் இருந்த ஏம்ஸ் பில்லியர்ட்ஸ் அகடமியில். அது மூடிப் பல காலமாகிறது. மக்கர்ஸ் என்ற இன்னொரு ஹோலும் படத்தில் வருகிறது. அதுவும் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றைக்கு அந்தத் தெருவில் நின்று நியூமனை நினைத்துக்கொள்ள உங்களுக்கு நல்ல கற்பனை வேண்டும், மகனுக்கு நல்ல பொறுமை வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இருக்கிற ஹோலுக்குள் போய் எடுத்த படத்துக்குக் கலை இயக்க ஒஸ்கார் கிடைத்தது. ஒளிப்பதிவுக்காக யூஜின் ஷுஃப்டானுக்கு இன்னொன்று. ஒன்பது பரிந்துரைகள், இரண்டு விருதுகள், இரண்டுமே அந்த அறைக்குத்தான் கிடைத்தன என்பது என் கட்சி. நடித்தவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். அறையோ விருதையும் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிவிட்டது.

கே: செத்துப்போனதைச் சொல்லாமல் உயிரோடு இருந்ததைச் சொல்லுங்கள்.
*(நானுஓயாவிலிருந்து ஒரு கோபக்காரர்)*

ப: சிக்காகோ போங்கள். அதே நியூமன், அதே கதாபாத்திரம், 25 வருடம் கழித்து 1986இல் 'த கலர் ஒஃப் மணி'. இயக்கியவர் மார்ட்டின் ஸ்கோர்செசி. செட் போட்டு மாளாது என்று சிக்காகோவின் நிஜ ஹோல்களுக்குள்ளேயே கமராவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மில்வோக்கி அவென்யூவில் உள்ள கிறிஸ்ஸஸ் பில்லியர்ட்ஸ் அவற்றில் ஒன்று. படம் முடிந்த பிறகும் அது பல பத்தாண்டுகள் தன் பாட்டில் நடந்தது. ஆட வருகிறவன் காசு கொடுத்தான், பார்க்க வருகிறவன் படம் பிடித்துக்கொண்டு போனான். எவன் ஹோலைக் காப்பாற்றினான் என்று முதலாளியைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்.

நியூமனுக்குச் சிறந்த நடிகர் ஒஸ்கார் இந்தப் படத்துக்குத்தான் வந்தது. 1961இல் ஆடிய ஆட்டத்துக்கு 1987இல் சம்பளம். நம் தோட்டங்களில் சேமலாப நிதிக்கு அலைந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

கே: அந்தப் படங்களில் நடிகர்கள் உண்மையிலேயே ஆடினார்களா? அல்லது நம் கதாநாயகர்கள் வீணை வாசிப்பது போலவா?
*(தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி)*

ப: கலப்படம். ஆனால் நல்ல கலப்படம். 'த ஹஸ்லர்' படத்தில் குண்டு மனிதராக வரும் ஜாக்கி கிளீசன் முன்பே நன்றாக ஆடத் தெரிந்தவர், தன் அடிகளில் பெரும்பாலானவற்றைத் தானே அடித்தார். நியூமனுக்குக் கோலைப் பிடிக்கவே கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. கற்றுக்கொடுத்தவர் வில்லி மொஸ்கோனி. 1941க்கும் 1957க்கும் இடையில் 15 முறை உலகப் பட்டம் வென்றவர். 1954இல் ஒஹாயோவில் ஒரு காட்சி ஆட்டத்தில், தொடர்ந்து 526 பந்துகளைப் பைக்குள் போட்டவர். படத்தில் முகம் நியூமனுடையது. சிக்கலான அடிக்குக் கமரா கீழே இறங்கும்போது தெரிகிற கை மொஸ்கோனியுடையது. அவரே ஒரு காட்சியில் பந்தயப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கவும் செய்கிறார். உலகத்திலேயே நன்றாக ஆடுகிற மனிதனை நிறுத்திவைத்து, ஆடத் தெரியாதவனை ஆடவிடுவதற்குத்தான் சினிமா என்று பெயர்.

இரண்டாவது படத்தில் டொம் குரூஸ் பயிற்சி எடுத்துக்கொண்டு ஏறக்குறைய எல்லாவற்றையும் தானே அடித்தார். இரண்டு பந்துகளுக்கு மேலாக வெள்ளைப் பந்தைத் தாவவிடும் அடி ஒன்றை மட்டும் மைக் சீகல் என்ற சாம்பியன் அடித்துக்கொடுத்தார். குரூஸ் இன்னும் சில நாள் பழகியிருந்தால் அதையும் அடித்திருப்பாராம். ஆனால் படப்பிடிப்பில் நாள் என்பது காசு.

கே: சிக்காகோவுக்கு யார் போவது? கந்தப்பளையிலிருந்து பஸ் காசுக்குள் பார்க்கக்கூடிய பழைய பில்லியர்ட்ஸ் அறை உண்டா?
*(கந்தப்பளை டவுனிலிருந்து ஒரு ஓட்டோக்காரர்)*

ப: ஓட்டோக்காரர் பஸ் காசைக் கேட்கிறார், காலம் கெட்டுத்தான் போய்விட்டது. நுவரெலியாவில் இறங்குங்கள். கோல்ஃப் மைதானத்தைச் சுற்றியே மூன்று இடங்கள்: ஹில் கிளப், கிராண்ட் ஹோட்டல், சென்ட் அன்ட்ரூஸ் ஹோட்டல். மூன்றிலும் பழைய முழு அளவு மேசை உண்டு. பன்னிரண்டு அடி நீளம், ஆறடி அகலம், எட்டுக் கால், துணிக்கு அடியில் ஐந்து கற்பலகைகள், மொத்தம் ஒரு தொன்னுக்கு மேல். நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885இல். ஹில் கிளப் தொடங்கியது 1876இல். ரயிலுக்கு முன் இந்த மலைக்கு ஏறிய பாரமான எதுவும் மாட்டு வண்டியிலும் மனிதத் தோளிலும்தான் ஏறியது. யாருடைய தோள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கே: இவ்வளவு அழகான அறைகள் இருந்தும் சினிமாக்காரர்கள் ஏன் அவற்றைப் பெரிய படங்களில் காட்டவில்லை? சிலோன் தேயிலைத் தோட்டத்துக் கதை என்று 'எலிஃபன்ட் வோக்' வந்ததே!
*(ஹட்டனிலிருந்து ஒரு பழைய சினிமாப் பைத்தியம்)*

ப: பைத்தியம் என்று நீங்களே போட்டுக்கொண்டதால் மரியாதையாகச் சொல்கிறேன். அந்தப் படத்தின் வெளிக்காட்சிகள்தான் சிலோன். துரை பங்களாவின் உள்பக்கம் ஹொலிவூட் செட். 1953இல் இங்கே வந்து நடிக்கத் தொடங்கியவர் விவியன் லீ. இடையில் அவருக்கு உடல்நலம் குலைந்து போக, எலிசபெத் டெய்லரைப் போட்டு முடித்தார்கள். 1954இல் வந்த படத்தில் சில தூரக் காட்சிகளில் இன்னும் லீதான் நிற்கிறார் என்று சொல்வார்கள். ஒரே துரைசானி, கிட்டப் பார்த்தால் ஒருத்தி, தூரப் பார்த்தால் இன்னொருத்தி.

அந்த பங்களாவுக்குள் துரைமார் குடித்துவிட்டுச் சைக்கிளில் ஏறி போலோ ஆடுகிறார்கள். அப்படி ஒரு காட்சியை ஹில் கிளப்பில் எடுக்க விட்டிருப்பார்களா? பில்லியர்ட்ஸ் அறையில் படம் எடுப்பதும் லேசல்ல. மேசைக்கு மேலே தொங்கும் விளக்கு கமராவின் மண்டையில் இடிக்கும். அதைக் கழற்றினால் அறையின் அழகே போய்விடும். கோணம் சரியில்லை, மேசையைக் கொஞ்சம் தள்ளு என்று எந்த இயக்குநரும் சொல்ல முடியாது. தள்ளினால், மட்டம் பார்த்து வைத்த கல் பிசகிவிடும். அதனால் செட்டில் இலேசான மேசை ஒன்றைப் போட்டு எடுப்பதே அவர்களுக்கு இலாபம்.

கே: ஹில் கிளப்புக்குள் நம்மை விடுவார்களா?
*(பெயர் வேண்டாம் என்ற ஒருவர், கந்தப்பளை)*

ப: இன்றைக்கு விடுவார்கள். தற்காலிக அங்கத்துவம் என்று ஒரு சிறு தொகை கட்ட வேண்டும். மாலை ஏழு மணிக்குப் பிறகு ஆண்களுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டாயம் என்பது பழைய சட்டம். இல்லாதவர்களுக்கு அவர்களே இரவல் கொடுக்கும் வழக்கமும் உண்டு. அறுபதுகளின் கடைசி வரைக்கும் இந்த நாட்டில் பிறந்தவன் அங்கே அங்கத்தவனாக முடியாது. பெண்களுக்கு முன்வாசல் இல்லை, ஆண்களுக்கு மட்டுமென்று தனி பார். நம் ஆட்கள் மட்டும் முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்தார்கள், தட்டு ஏந்திக்கொண்டு.

அதனால் கூச்சப்படாமல் போங்கள். இரவல் கழுத்துப்பட்டி அளவு சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வெள்ளைக்காரனுக்கும் அது சரியாக இருந்ததில்லை.

கே: என் தாத்தா டிக்கோயா பக்கம் ஒரு துரைமார் கிளப்பில் "மார்க்கராக" இருந்தார் என்று அப்பா சொல்வார். மார்க்கர் என்றால் என்ன வேலை? புள்ளி எழுதுவது மட்டும்தானா?
*(இப்போது கொழும்பில் இருக்கும் ஒரு வாசகர்)*

ப: இந்தக் கட்டிலேயே நல்ல கடிதம் உங்களுடையது. பழைய பில்லியர்ட்ஸ் அறைக்குப் போகிறவன் பார்க்க வேண்டியது மேசையை அல்ல, சினிமாக்காரன் நின்ற மூலையையும் அல்ல. மார்க்கரை.

புள்ளி எழுதுவது அவருடைய வேலையில் கடைசி. சுவரில் மரப்பலகை, அதில் பித்தளை முள். துரை அடிக்க அடிக்க முள்ளைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அதற்கு முன் காலையிலேயே மேசைக்குத் தூரிகை போட வேண்டும். துணி கம்பளி, அதன் மயிர் ஒரு பக்கமாகப் படுத்திருக்கும். வெள்ளைப் பந்து புறப்படும் பக்கத்திலிருந்து கறுப்புப் பந்து நிற்கும் பக்கத்துக்கு, ஒரே திசையில்தான் துடைக்க வேண்டும். திருப்பித் துடைத்தால் மெதுவாக அடித்த பந்து வழி மாறும். பிறகு இஸ்திரி, அதுவும் அதே திசையில். கீழ்நாட்டில் இஸ்திரி ஒரு சடங்கு. நுவரெலியா, டிக்கோயா குளிரில் அது உயிர்நாடி. ஈரம் ஏறிய துணியில் பந்து நகராது. குளிரில் ஓரத்து ரப்பர் இறுகி, மோதிய பந்து சோம்பலாகத் திரும்பும். இன்றைய உலகப் போட்டிகளில் கற்பலகைக்கு அடியில் மின்சூடு வைக்கிறார்கள். அந்தக் காலத்தில் அறை மூலையில் கணப்பு, மேசை மேல் தாத்தாவின் இஸ்திரிப் பெட்டி.

இதற்கு மேல், ஆள் இல்லாத மழை நாளில் துரைக்கு எதிராளியாக ஆடவும் வேண்டும். நன்றாக ஆட வேண்டும், ஆனால் ஜெயிக்கக் கூடாது. எத்தனை புள்ளியில் தோற்றால் துரைக்குச் சந்தேகம் வராது என்று கணக்குப் பார்த்துத் தோற்க வேண்டும். இது மொஸ்கோனிக்கும் வராத வித்தை. இந்தியாவிலும் இலங்கையிலும் நல்ல மார்க்கர்கள் பலர் துரைமாருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள். புள்ளிப் பலகையில் தங்கள் பெயரை மட்டும் அவர்கள் எழுதியதில்லை.

அப்பாவிடம் இன்னும் கொஞ்சம் கேட்டு எழுதுங்கள்.

கே: பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் மூன்றும் ஒன்றா?
*(வட்டவளை)*

ப: பில்லியர்ட்ஸுக்கு மூன்று பந்து. ஸ்னூக்கருக்கு 22. எட்டாம் பந்துப் பூலுக்கு வெள்ளையோடு 16. முதல் இரண்டுக்கும் பெரிய மேசை, பூலுக்குச் சின்ன மேசை, அகன்ற வாய். மூன்றுக்கும் பொதுவானது, பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு ஆடுகிறவனைவிட நன்றாகத் தெரியும் என்பது.

கே: ஸ்னூக்கர் ஊட்டியில் பிறந்ததாமே? எங்கள் சொந்தக்காரர்கள் அங்கே கோத்தகிரியில் இருக்கிறார்கள், பெருமை தாங்க முடியவில்லை.
*(பூண்டுலோயா)*

ப: பாதிப் பெருமை போதும் என்று சொல்லுங்கள். 1875இல் ஜபல்பூரில் மழைக்காலத்தில் வேலையில்லாமல் இருந்த ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லெய்ன், இருந்த ஆட்டத்தோடு சில நிறப் பந்துகளைச் சேர்த்து ஆரம்பித்தார். பிறகு பிரதமரான சேம்பர்லெய்ன் வேறு ஆள். அவர் ஆடிய ஆட்டம் ஹிட்லரோடு. ஊட்டி கிளப்பில் 1882 வாக்கில் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. குழந்தை ஜபல்பூரில், பெயர்ப்பதிவு ஊட்டியில். தாயகம் திரும்பி ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் போன நம் ஆட்களுக்கு, பிறந்த இடம் ஒன்று பதிவு வேறிடம் என்கிற சங்கடம் புதிதல்ல.

ஊட்டியில் மரத்தைச் சுற்றி ஓடாத தமிழ்க் கதாநாயகன் கிடையாது. மரத்துக்கு அங்கத்துவம் வேண்டாம், கிளப்புக்கு வேண்டும்.

கே: தமிழ்ப்படங்களில் வில்லன் வீட்டில் மட்டும் ஏன் எப்போதும் பூல் மேசை?
*(கொட்டகலையிலிருந்து நான்கு பேர் சேர்ந்து எழுதிய கடிதம்)*

ப: நான்கு பேர் சேர்ந்து கேட்கிற அளவுக்கு முக்கியமான கேள்விதான். கவனித்திருப்பீர்கள், வில்லன் ஒரு ஆட்டத்தையும் முடிப்பதில்லை. முக்கோணத்தை உடைப்பான், திரும்பிப் பார்த்து "அவனை முடிச்சிடு" என்பான், போய்விடுவான். மீதிப் பதினான்கு பந்தை யார் போடுவது? அடியாட்களுக்குத் தெரியாது. கடைசியில் கதாநாயகன் வந்து கோலை எடுத்து மண்டையில் உடைக்கிறான். விலை கூடின சாமான் அது, மார்க்கர் பார்த்தால் அழுதுவிடுவார்.

காரணம் எளிது. மேசைக்கு மேல் தொங்கும் விளக்கு முகத்தின் கீழ்ப்பாதியை மட்டும் வெளிச்சமாக்கும். கெட்டவன் என்று காட்ட அதைவிட மலிவான வழி இல்லை. கதாநாயகனுக்குக் கெரம் போதும். அதுவும் வாசலில், பகலில்.

கே: நம் நாட்டில் சினிமா எடுக்க வேண்டிய பில்லியர்ட்ஸ் கதை ஒன்று சொல்லுங்கள்.
*(மஸ்கெலியா)*

ப: எம். ஜே. எம். லாஃபிர். 1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் பட்டம் வென்றவர். கிரிக்கெட் கிண்ணத்தை நாம் தூக்கியதற்கு 23 வருடம் முன்னால். அதற்கு ஆறு வருடம் முன், 1967இல், அதே போட்டி கொழும்பிலேயே நடந்து, பட்டம் இங்கிலாந்தின் லெஸ்லி டிரிஃபீல்டுக்குப் போனது. சொந்த ஊரில் கைக்கு எட்டாததை அயலூரில் போய் எடுத்த கதை. இடைவேளை எங்கே விட வேண்டும் என்பது வரை தயாராக இருக்கிறது. எடுப்பார் இல்லை. வில்லன் தேவைப்படாத கதை என்பதாலோ என்னவோ.

கே: சினிமா எடுத்த இடம் என்று போய் ஏமாறாமல் இருக்க, நம் பக்கத்திலேயே ஒன்று?
*(கினிகத்தேனை)*

ப: உங்கள் ஊரிலிருந்து கீழே இறங்கினால் கிதுல்கல. வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறீர்கள். டேவிட் லீனின் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' பாலம் களனி கங்கையில் அங்கேதான் கட்டி, 1957 மார்ச்சில் வெடிவைத்து உடைத்தார்கள். பிரதமர் பண்டாரநாயக்க உட்பட பெரியவர்கள் பார்க்க வந்திருந்தார்கள். குறித்த நேரத்தில் ஒரு கமராக்காரர் பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. லீன் வெடியை நிறுத்தச் சொல்லிவிட்டார். ரயிலுக்கு யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அது பாலத்தைக் கடந்து மறுபக்கம் போய் அங்கிருந்த மின்பிறப்பாக்கியில் மோதி நின்றது. இரவோடு இரவாகச் சரிசெய்து மறுநாள் வெடித்தார்கள். ஏழு ஒஸ்கார்.

இன்று அங்கே மிஞ்சியிருப்பது பாலத்தின் கொங்கிரீட் அடித்தளம். அதைப் பார்க்கவும் வெளிநாட்டுக்காரர்கள் வழிகாட்டி வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். ஹட்டன் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே அதைத் தாண்டிப் போகிற நாம்தான் அதிகம் பார்த்தவர்கள்.

கே: சினிமாவுக்காகப் போட்ட செட் பிறகு உண்மையான கடையாக மாறியது உண்டா?
*(கந்தப்பளை, பார்க் தோட்டத்திலிருந்து)*

ப: உண்டு. 1978இல் வந்த 'த டியர் ஹண்டர்' படத்தில் இரும்பு ஆலைத் தொழிலாளர்கள் கூடிப் பூல் ஆடிப் பாடும் குடிக்கடை. ஒஹாயோவில் மிங்கோ ஜங்ஷன் என்ற ஊரில், காலியாகக் கிடந்த ஒரு கடையில் 25,000 டொலர் செலவில் அமைத்தார்கள். படக்குழு போன பிறகு உள்ளூர் ஆலைத் தொழிலாளர்களே அங்கே வந்து குடிக்கத் தொடங்கினார்கள். நடித்தது போதும், இனி நிஜமாகக் குடிப்போம் என்று.

நம் கந்தப்பளையில் நடந்தது தலைகீழ். ஹெதர்செட் ஸ்டோரில் உண்மையாகவே தேயிலை அரைத்தார்கள். பிறகு மூடிக் கிடந்தது. 1996இல் ஹோட்டலாகி, ராகலை சின்ன ரயிலின் நினைவாக ஒரு பழைய பெட்டி சாப்பாட்டு அறையாகவும் நிற்கிறது. நிஜ வேலை நடந்த இடம் செட்டாகிவிட்டது. குறை சொல்லவில்லை, வேலையும் கொடுக்கிறது, சுவரும் விழாமல் நிற்கிறது. ஆனால் அங்கே கொழுந்து வாட்டிய கிழவர் ஒருவரை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தால், வருகிறவர்களுக்குக் கேட்க ஆள் இருக்கும்.

கே: மகன் வேலை முடிந்து டவுன் பூல் கடையில் கிடக்கிறான். பந்தயம் வேறு. உங்கள் பத்தியைப் படித்தால் இன்னும் கெட்டுப்போவானே!
*(ஒரு தாய்)*

ப: 'த ஹஸ்லர்' படத்தை அவனோடு உட்கார்ந்து பாருங்கள், அக்கா. 25 மணித்தியாலம் ஆடி, 18,000 டொலருக்கு மேல் ஜெயித்து, குடித்து, நிறுத்தத் தெரியாமல் எல்லாவற்றையும் விடுகிறான் ஒருவன். பிறகு விரலையும் உடைத்துக்கொள்கிறான். கெட்டிக்காரனாக இருந்தால் புரிந்துகொள்வான். புரியாவிட்டால் சம்பள நாளன்று நீங்களே கடை வாசலில் போய் நில்லுங்கள். அது எந்தப் படத்தையும்விட வேலை செய்யும்.

கே: எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் கெரம் கிளப் இருக்கிறது. பழைய கட்டடம், தகரக் கூரை, மேலே ஒரு பல்ப். வி. பி. கணேசன் காலத்தில் 'புதிய காற்று' மாதிரி நம் கதைக்குப் படம் எடுத்தார்களே, இன்னொன்று எடுத்தால் இடத்தைச் சும்மா தரத் தயார். இயக்குநர்களுக்குச் சொல்லுங்கள்.
*(உடப்புசல்லாவை ரோட்டிலிருந்து இளைஞர் மன்றம்)*

ப: சொல்லியாயிற்று. 'புதிய காற்று' வந்தது 1975இல். கதை எழுதியவர் தெளிவத்தை ஜோசப். அதற்கும் முன்னால் 1963இல் 'தோட்டக்காரி' வந்தது. ஆகவே அவசரமில்லாத கோரிக்கை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சும்மா கொடுக்காதீர்கள். வாடகையை முன்கூட்டியே வாங்குங்கள், கெரம் போட்டில் பவுடருக்குப் பதில் மைதா மாவைக் கொட்ட விடாதீர்கள், மன்றத் தலைவரை வில்லனாகப் போடுகிறார்களா என்று கதையை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கரை மட்டும் யாராவது பையில் வைத்துக்கொள்ளுங்கள். படக்குழு போகும்போது அதுதான் முதலில் காணாமல் போகும்.